காரணம் இல்லாத பயணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கல்லூரி முதல் வருடத்திலிருந்து உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். வயது 24. சொந்த ஊர் முசிறி. சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை, வேளச்சேரியில் ஹாஸ்டல்.

என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றுமில்லை. சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தம்பியின் பைக்குக்கு டியூ கட்டிவிட்டு, மிச்சத்தில் எனக்கென்று சில சின்னச் சந்தோஷங்கள். வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லி. மாதம் ஒருமுறை பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் கம்மல். பீச் ஸ்டேஷன் பக்கம் போய் நின்றுகொண்டே அத்தோ. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூக்கம். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ட்ரீட் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வார்டனுக்குத் தெரியாமல் கேக், முகமெல்லாம் கிரீம், மறுநாள் பிரியாணி.

இந்த பிப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு ஐந்து பேராக மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டி போனோம். குகை வரும்போதெல்லாம் கத்தினோம். கேக் நசுங்கிவிட்டது, குன்னூர் பிளாட்பாரத்தில் வைத்து ஐடி கார்டால் வெட்டினோம். செம ஜாலி. போனில் சொன்னபோது அம்மா, "அந்த ரயில்ல வயசானவங்களை ஏத்துவாங்களா?" என்று கேட்டார். பெரியப்பாதான், "ஊர் சுத்துன காசுக்கு ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்கியிருக்கலாம்" என்றார்.

அந்தப் பயணத்தை நாலு பக்கம் எழுதி, நிறைய வாசிக்கிற ஆபீஸ் சீனியர் ஒருவரிடம் காட்டினேன். "சாப்பிட்டோம், சிரித்தோம், போட்டோ எடுத்தோம். இதில் வலி எங்கே? வலி இல்லாமல் எழுத்து இல்லை" என்றார். அன்றிலிருந்து உறுத்தல். நான் மேலோட்டமான ஆளா? இதையெல்லாம் எழுதலாமா?

ஐப்பசியில் அறைத்தோழிக்குப் பிறந்தநாள். தரங்கம்பாடியா கொல்லிமலையா என்று சண்டை நடக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பெரியப்பாவை முதலில் அனுப்பிவிடலாம். உங்கள் ட்ரீட் செலவு அவர் கண்ணில் படுகிறது. மாதாமாதம் நீங்கள் கட்டும் பைக் டியூ படவில்லை. அதில் எத்தனை குண்டுமணி வாங்கலாம் என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். அதற்காக அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பெரியப்பாக்கள் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். தலையாட்டிவிட்டு டிக்கெட் போட வேண்டியதுதான். அவசர ஆத்திரத்துக்கென்று பேங்கில் கொஞ்சம் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தணிக்கை அலுவலகத்தில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பெரியப்பாவுக்குக் காசு மட்டும்தான் உறுத்துகிறதா என்று எனக்குச் சந்தேகம். ஊட்டிக்கு எதற்குப் போனாய் என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை. கல்யாணம் இல்லை, காரியம் இல்லை, வேண்டுதல் இல்லை. ஐந்து பெண்கள், ஒரு கேக், ஒரு ரயில். நம் வீடுகள் இதற்கு இன்னும் பழகவில்லை.

பெண்கள் ஊர் சுற்றுவதற்கு வீடுகள் எப்போதோ பழகிவிட்டன. கையில் ஒரு தேங்காய்ப் பழத் தட்டு இருந்தால் போதும். முசிறிக்காரருக்கு ஆடிப்பெருக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, மஞ்சள் சரடு கட்டிக்கொள்வது அரைமணி நேர வேலை. மிச்சப் பொழுதெல்லாம் எலுமிச்சை சாதம், புளிசாதம், தேங்காய் சாதம், கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை.

மேல்மருவத்தூர் பஸ்ஸில் நான் போயிருக்கிறேன். அம்மா, சித்தி, தெருவில் பாதிப் பேர். அந்தக் கோவிலில் பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்யலாம், மாதவிலக்கு தடையில்லை. நாள் கணக்குப் பார்த்து யாரும் கடைசி நேரத்தில் பின்வாங்க வேண்டாம் என்பதால் தைப்பூசத்துக்கு முந்தைய இருமுடிக் காலத்தில் பஸ் சட்டென்று நிரம்பிவிடும். எல்லோருக்கும் சிவப்புப் புடவை. கிளம்பும்போது "ஓம் சக்தி, பராசக்தி". ஊர் எல்லை தாண்டியதும் பின் சீட்டில் வேறு கச்சேரி ஆரம்பிக்கும். ஒருத்தி இரண்டு சீட்டுக்கு நடுவில் நின்று தன் மாமியார் நடப்பதைப்போல நடந்து காட்டுவாள். முறுக்கு டப்பா முன்னாலிருந்து பின்னால் போய்க் காலியாகத் திரும்பும். தரிசனம் முடிந்து கிளம்பும்போது, "இவ்ளோ தூரம் வந்துட்டு கடலைப் பாக்காமப் போறதா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். டிரைவர் முறைப்பார். பேரம் நடக்கும். கடைசியில் மகாபலிபுரத்தில் பஸ் நிற்கும். வீட்டில் பல் தெரியச் சிரித்துப் பார்த்திராத சித்தி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் நின்று கத்துவார். ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் பிரசாதம் போகும். கடலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பக்தி பொய் என்று சொல்லவரவில்லை. என் அம்மாவுக்கு அது மெய்யான பக்தி. ஆனால் கடல் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் சாமி துணைக்கு வர வேண்டியிருந்தது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் அம்மா கேட்டதை வாசித்தேன். நீங்கள் அதை அப்படியே தாண்டிப் போய் பெரியப்பாவிடம் நின்றுவிட்டீர்கள். அம்மாவுக்கு என்ன, ஐம்பது இருக்குமா? தாராளமாக ஏற்றுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இறங்க அவ்வளவு ஆகாது. ஊட்டிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், மதியம் புறப்படும் ரயிலில் இறக்கிக்கொண்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அந்த மழையில் கல்லாறு ஸ்டேஷனுக்கு மேலே மண் சரிந்து ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள், இடம் நிற்காது.

இனி உங்கள் சீனியர். வலி இல்லாமல் எழுத்து இல்லை என்பது நம் ஊரில் தீவிரமாக வாசிக்க ஆரம்பிப்பவர்களுக்கு வரும் காய்ச்சல். சிலருக்கு ஆயுள் முழுக்க இறங்குவதில்லை. அவர் கட்டாயம் திருப்பாவை படித்திருப்பார், இன்னொருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மார்கழிக் குளிரில் விடியுமுன் ஒரு பெண் கூட்டம் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறது. எழாதவளைப் பார்த்து, உங்கள் பெண் ஊமையா செவிடா என்று அவள் அம்மாவிடமே கேட்கிறது. இன்னொருத்தி உள்ளே படுத்துக்கொண்டே பதிலுக்கு வாயாடுகிறாள். உங்கள் ஹாஸ்டல் ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறேன். இரண்டாம் பாட்டில் நெய் உண்ணோம், பால் உண்ணோம், மை தீட்ட மாட்டோம், பூ முடிக்க மாட்டோம் என்று கறாராக விரதம் தொடங்குகிறது. 27ஆம் பாட்டுக்கு வரும்போது வளையல், தோடு, புதுத்துணி. பால்சோறு மறையும்படி நெய்யை ஊற்றி, அது முழங்கை வழியாக வடிய, எல்லோரும் கூடியிருந்து சாப்பிடுகிறார்கள். இதற்குத் தத்துவ விளக்கம் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கூட்டமாக உட்கார்ந்து அள்ளித் தின்றவளுக்குத்தான் அந்த முழங்கை ஞாபகம் வரும் என்பது என் கட்சி. அங்கேயும் ஒரு நோன்பைக் காரணம் காட்டித்தான் கிளம்பியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே எழுதலாம். ஆனால் சீனியர் குறை சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நாலு பக்கத்தை நான் பார்க்கவில்லை, கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். "கேக் நசுங்கிவிட்டது, செம ஜாலி." எப்படி நசுங்கியது? கல்லாறு தாண்டியதும் தண்டவாளம் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று ஏறுகிறது. நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை; எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. 1899இல் குன்னூர் வரை திறந்த வழி. இன்றும் அந்தச் சரிவில் சைக்கிள் வேகம்தான். அப்படிச் சாய்ந்த பெட்டியில் மூன்று மணி நேரம் ஒரு கேக் டப்பா இருந்தால் கிரீம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் இறங்கியிருக்கும். உங்கள் பெயரில் எந்த எழுத்து முதலில் போனது? டப்பாவை யார் மடியில் வைத்திருந்தாள், சரிவுக்குத் தக்கபடி சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது குரங்குகளிடமிருந்து அதை யார் காப்பாற்றினாள்? பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன், வழியிலுள்ள 16 குகைகளிலும் உங்கள் கத்தலைக் கேட்டுக்கொண்டு எப்படி நின்றார்? ஐடி கார்டு யாருடையது? திங்கட்கிழமை ஆபீஸ் கதவு அந்த அட்டைக்குத் திறந்ததா?

இவ்வளவும் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் ஜாலி என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டீர்கள். அழுகையைச் சுமாராக எழுதினாலும் வாசிப்பவர் கொஞ்சம் இரக்கப்பட்டுக் கூட வருவார். சிரித்தோம் என்று எழுதினால் அப்படியா என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். போட்டோவை நம்பியும் இருக்காதீர்கள். அதில் ஐந்து பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள், அவ்வளவுதான் தெரியும்.

அத்தோவையும் ஒரு வார்த்தையில் விழுங்கிவிட்டீர்கள், எனக்கு அது கொஞ்சம் வருத்தம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் ஒரு பிசை பிசைந்து தட்டில் வைப்பார்களே, கூடவே வாழைத்தண்டு சூப்பும்! 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடைகளை எல்லாம் நாட்டுடைமையாக்கியதும், சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகளிலிருந்து வந்த ருசி அது. சீனியருக்கு வலிதான் வேண்டும் என்றால் அங்கே ஒரு தட்டு வாங்கிக் கொடுங்கள். நீங்கள் பாட்டுக்கு முட்டையை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

ட்ரீட் விஷயத்தில் எனக்கு இரண்டு மனத்தாங்கல். முகத்தில் கேக் பூசுவதை விட்டுவிடுங்கள். காலையில் அந்தக் கிரீமைத் தரையிலிருந்து சுரண்டுகிற அக்காவுக்கு அன்று பிறந்தநாள் இல்லை. இன்னொன்று, பிறந்தநாள்காரியே மொத்த பில்லையும் கட்ட வேண்டும் என்ற வழக்கம். உங்கள் கூட்டத்தில் தன் பிறந்தநாள் வாரத்தில் மட்டும் சரியாக ஊருக்குப் போய்விடும் பெண் யாராவது உண்டா? இருந்தால் காரணம் எதுவும் கேட்க வேண்டாம். அன்றைக்கு மற்றவர்கள் பங்கு போட்டு ஜீபேயில் முடித்துவிடுவது என்று பொதுவாக ஒரு வழக்கம் கொண்டுவாருங்கள். அடுத்த வருடம் அவள் ஊருக்குப் போக மாட்டாள்.

மேலோட்டமான ஆளா என்று கேட்டதற்கு நான் என்ன சொல்ல? ஒரு முழம் மல்லிக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?

ஐப்பசியில் தரங்கம்பாடி மழையில் நனைந்துகொண்டிருக்கும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை எங்கேயும் போய்விடாது, தை மாசியில் போய்க்கொள்ளலாம். இப்போது கொல்லிமலை. நாமக்கல்லிலிருந்து பஸ் இருக்கிறது. காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்; வாந்தி எடுக்கும் பெண்ணுக்கு முன்பக்க ஜன்னலோரத்தை விட்டுக்கொடுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். மழை வலுத்தால் கீழே விடமாட்டார்கள், மேலேயே விசாரித்துவிடுங்கள். இறங்கும்போது எல்லோரும் பாட்டுப் பாடுவீர்கள், ஏறும்போது ஒருத்திக்கும் பேச்சு வராது. பாத்ரூமுக்குப் பயந்துகொண்டு தண்ணீரே குடிக்காமல் பஸ் ஏறுவது நம் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்படி ஏறினால் அந்தப் படிகளில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நாமக்கல்லில் பஸ் மாறும்போதே பாத்ரூம் போய்விட்டு, ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

அன்புடன்,
அக்கா