ஒரு செட் டயர், 25 நிமிட ஓட்டம்

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறோம். 14 வயது மகன் மாதம் இருமுறை உள்ளூர் கிளப்பில் மின்சார டூரிங் ரிமோட் கார் பந்தயம் ஓட்டுகிறான். கம்பளம் விரித்த உள்ளரங்கத் தடம். எல்லோரும் ஒரே வகை டயர்தான் போட வேண்டும். ஒவ்வொரு பந்தய நாளுக்கும் புது செட் கேட்கிறான். விலை 27 பவுண்டு. 10 செட் எடுத்தால் 230 பவுண்டுக்குக் கடையில் தருகிறார்கள். கிரெடிட் கார்டில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 40 பவுண்டு தள்ளுபடியைப் பார்த்து மயங்காதீர்கள். கடனை ஓராண்டுக்கு இழுத்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். அடுத்த சீசனில் கிளப் வேறு டயருக்கு மாறினாலோ, மிஞ்சிய செட்டுகள் பயிற்சிக்கு மட்டுமே உதவும்.

4 தகுதிச் சுற்று, ஓர் இறுதி, ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 25 நிமிட ஓட்டம். நிமிடத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல் கொடுக்கிறீர்கள்! கம்பளத்தில் இந்த ரப்பர் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. சூடாகி ஆறுவதாலும், பிடிப்புக்காகத் தடவும் திரவத்தாலும் மெல்ல மெல்லப் பிடிப்பை இழக்கிறது. வளரும் ஓட்டுநருக்கு அந்த நூலிழை வித்தியாசத்தைவிடச் சீரான ஓட்டமே அதிக இடங்களைப் பெற்றுத் தரும்.

ஒரே வகை டயர் என்ற விதி நல்ல விதி. தரைக்கு எது ஒட்டும் என்று ஐந்தாறு வகை வாங்கிப் பார்க்கும் செலவை அது ஒழிக்கிறது. ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாவிட்டால் பாதிப் பயன்தான். வசதியுள்ளவர் சுற்றுக்கு ஒரு புது செட் மாட்டுவார், மற்றவர்கள் அவரைத் துரத்திக் காசைக் கரைப்பார்கள். பெரிய போட்டிகள் பலவற்றில் ஒருவருக்கு இத்தனை செட் என்று அளந்து, அடையாளமிட்டே அனுமதிக்கிறார்கள். உங்கள் கிளப்பிலும் அப்படி ஒரு வரம்பு கேளுங்கள். தயங்க வேண்டாம், மற்ற பெற்றோருக்கும் இதே சுமைதான்.

ஆண்டுக்கு 24 பந்தய நாள், நாளுக்கொரு செட் என்றால் 648 பவுண்டு. ஒரு செட்டை மூன்று நாள் ஓட்டினால் 8 செட், 216 பவுண்டு. மிச்சம் 432, அதாவது மாதம் 36. அதை மகன் பெயரில் ரொக்க ஜூனியர் ஐசா (Junior ISA) என்ற, வட்டிக்கு வரியில்லாத சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால், 18 வயதில் வட்டி சேர்க்காமலே சுமார் 1,700 பவுண்டு இருக்கும். அதுவரை எடுக்க முடியாது, பிறகு முழுவதும் அவனுக்கே உரியது. இரண்டையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கணக்கை அவனிடமே காட்டுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் வாங்கிய தேதியையும் ஓடிய சுற்றுகளையும் மார்க்கரால் எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த செட் எப்போது வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும்.