நாலரை மணி அலாரம்: கேள்வி – பதில்

? வெற்றி பெற்ற ஸ்டார்ட்அப் ஃபவுண்டர்கள் எல்லாரும் விடியற்காலையில் எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, தியானம் செய்து, வருடத்துக்கு ஐம்பது புத்தகம் படிக்கிறார்களாம். மூன்று மாதமாக நாலரைக்கு அலாரம் வைத்து எழுகிறேன் சார். மதியம் ஆபீஸில் தூக்கம்தான் வருகிறது, ஐடியா வரவில்லை. என்னிடம் என்ன குறை?
– ஒரு வாசகர், கோவை

குறை உங்களிடம் இல்லை, அந்தப் பட்டியலில். நாலரைக்கு எழுந்தால் தொழில் வளரும் என்றால் எங்கள் தெருப் பால்காரர் இந்நேரம் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் இருக்க வேண்டும். கடையை மூடிய ஃபவுண்டர்களும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே புத்தகங்களைப் படித்துத்தான் மூடினார்கள். அவர்களிடம் பேட்டி எடுக்க யாரும் போவதில்லை, அவ்வளவுதான். முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

என்னைக் கேட்டால் உருப்படியான பழக்கம் ஒன்று உண்டு. ஒரு புகார் காதில் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட மனசு வராத குணம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரர், சோஹோவில் பல வருடம் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடி பெயர்ந்தபோது அவருடைய டிவி வழியிலேயே உடைந்துவிட்டது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் மெயில், போன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், ஊர் திரும்பும் இந்தியர்கள் கூடிப் பேசும் ஒரு இணையதளத்தில் நடந்ததை எழுதிப் போட்டார். சாமான் ஏற்றிய நிறுவனத்தின் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. நாமாக இருந்தால் அந்த டிவி கதையைக் கல்யாண வீடுகளில் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் கவனித்தது வேறு: வாடிக்கையாளர் கையில் மைக் வந்துவிட்டது, கம்பெனிகள் வைத்திருக்கும் சப்போர்ட் மென்பொருளோ இன்னும் மெயிலையும் போனையும் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் 2010இல், அந்த மாதிரி சப்போர்ட் மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் கட்டணத்தை ஏற்றியது, அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தச் செய்தியின் கீழே, நியாயமான விலையில் நல்லதாக ஒன்று செய்தால் சந்தை காத்திருக்கிறது என்கிற மாதிரி யாரோ எழுதியிருந்த கருத்து அவர் கண்ணில் பட்டது. அதே வருடம் ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்; அதுதான் பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. அந்தக் கருத்தை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். ஆனால் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் செய்வதுதான் இவர் சோஹோவில் பார்த்த வேலை, அதனால் படித்தவுடனே எவ்வளவு செலவாகும், எது கஷ்டம், யார் வாங்குவார்கள் என்று கணக்குப் போட முடிந்தது. நாஸ்டாக் பட்டியலுக்குப் போனது 2021 செப்டம்பரில், அதாவது பதினோரு வருடம் கழித்து. பேட்டிகளில் இந்தப் பதினோரு வருடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் ஆபீஸில் எந்த விஷயத்துக்காக நாலு பேர் தினமும் அலுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். ஏழு மணிக்கு எழுந்தும் குறிக்கலாம்.

? எனக்கு 43 வயது, வங்கி வேலை. சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்க ஆசை. "இந்த வயதில் எதற்கு?" என்கிறார் கணவர். துணிந்து வேலையை விட்டுவிடவா?
– ஒரு வாசகி, மதுரை

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அமெரிக்க ஃபவுண்டர்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2018இல் வந்தது. மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களில், அதாவது ஆயிரத்தில் ஒன்று என்கிற ரகத்தில், தொடங்கியவர்களின் சராசரி வயது 45. கணவரிடம் காட்டுங்கள்.

வேலையை விடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. துணிச்சல் என்றாலே பாலத்தை எரித்துவிட்டுக் கிளம்புவது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி, அது நிலைத்த பிறகு வேலையை விட்டவர்கள் தோற்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு உண்டு. நான் கணக்குப் பார்க்கும் தொழிலில் பல வருடம் இருந்தவன்; இன்று கல்லாவில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேட்டால் "ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரைக் கண்டால் எனக்கு உதறல் எடுக்கும். சோஹோவைப் பாருங்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றார்கள். 2001 வாக்கில் அந்தத் துறையே படுத்துவிட்டது. வெளி முதலீட்டை நம்பி ஓடாத கம்பெனி, சம்பாதித்ததில்தான் செலவு, அதனால் ஆட்களை வைத்துக்கொண்டே வேறு பொருள் செய்து பார்க்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. கம்பெனிகளின் கணினி வசதிகளை நிர்வகிக்கும் மேனேஜ்எஞ்சின் வந்தது அப்படித்தான், 2005இல் சோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள்கள் வந்ததும் அப்படித்தான்.

? ஐடியாவை வெளியே சொன்னால் திருடிவிடுவார்களா?
– ஒரு வாசகர், ஓசூர்

2008இல், வீடுகளில் தங்க இடம் பிடித்துக்கொடுக்கும் ஏர்பிஎன்பி நிறுவனத்தைத் தொடங்கியவர்களை ஏழு முதலீட்டாளர்களிடம் அறிமுகப்படுத்தினார்கள். ஐந்து பேர் வேண்டாம் என்று மெயில் போட்டார்கள், மீதி இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஐடியாவை நாமே கொண்டுபோய் நீட்டினாலே வாங்க ஆளில்லை, இதில் திருட வேறு வருவார்களா? தாராளமாகச் சொல்லுங்கள்.

? விடாப்பிடியாக இரு என்கிறார்கள், தேவைப்பட்டால் மாறு என்றும் சொல்கிறார்கள். இதில் எதைக் கேட்பது?
– ஒரு வாசகி, சேலம்

நியாயமான எரிச்சல். இதற்குச் சூத்திரம் கிடையாது, ஒரு ஆளைக் காட்டுகிறேன். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் கனடாவில் ஒரு இணைய விளையாட்டு செய்யப் போனார், அது தேறவில்லை. அதற்காகச் செய்து வைத்திருந்ததிலிருந்து 2004இல் ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளம் வந்தது, யாஹூ வாங்கிக்கொண்டது. மனுஷன் அடங்கவில்லை. மறுபடி ஒரு விளையாட்டு, பெயர் க்ளிட்ச், 2011இல் வெளியிட்டு அடுத்த வருடமே மூடினார். வங்கியில் பணம் மிச்சம் இருக்கும்போதே மூடினார் என்பதைக் கவனியுங்கள். வேலை இழந்தவர்களுக்கு வேறு வேலை தேடிக்கொடுக்கத் தனியாக ஒரு பக்கமே போட்டார்கள். மிஞ்சிய சிலர், அதுவரை தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த அரட்டைக் கருவியைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதுதான் ஸ்லாக்; 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் அதற்குப் பேசிய விலை 2,770 கோடி டாலர்.

மூன்றாவது தடவை அவர் விளையாட்டு செய்யப் போவதாகக் கேள்விப்பட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், கொஞ்சம் பணம் போட்டு வைக்கிறேன்.