ஃப்ளஷ் தொட்டியை முதலில் பாருங்கள்

போர்வெல் வறண்டுவிட்டது, டேங்கரை நம்பி நாலு பேர், குளியலைச் சுருக்கியும் தண்ணீர் மீட்டர் கணக்கு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2023-ல் மழை பொய்த்தபிறகு பெங்களூரில் பல வீட்டுக் கதை இதுவாகத்தான் இருந்தது.

குளியலை விடுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். அரைமணி நேரம் யாரும் அமுக்கக் கூடாது. கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது. எங்கள் வீட்டில் சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் ஒழுகியது. பாவம், நான் பிள்ளைகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆர்.ஓ., அதாவது குடிநீர் சுத்திகரிக்கும் கருவி. ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு, மூன்று லிட்டரைக்கூட வெளியே தள்ளும். அந்தக் கழிவுநீர்க் குழாயை வாளியில் விடுங்கள். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு வேண்டாம், உப்பு சேரும். என் கறிவேப்பிலை கருகியே போனது.

குழாய்களில் ஏரேட்டர், அதாவது காற்றைக் கலந்து நீர் வரத்தைக் குறைக்கும் முனை, இருக்கிறதா? 2024 தட்டுப்பாட்டில் குடிநீர் வாரியம் அடுக்ககங்களுக்குக் கட்டாயமாக்கியதுதான். பாத்திரம் தேய்க்கும் குழாய்க்கு முதலில் போடுங்கள்.

வாளி நிரப்பும் குழாய்க்கு வேண்டாம், நேரம்தான் வீண்.