ஆறு ஆண்டு முடிந்தால் முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 53. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2019 ஜூலையில் வணிகவியல் முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். மாமியாரின் நோய், அலுவலகப் பொறுப்புகள் என்று ஆய்வு இழுத்துக்கொண்டே போனது. இப்போது ஆய்வேட்டில் கடைசி இரண்டு இயல்கள்தான் மீதம். இந்த நிலையில், ஆறு ஆண்டு நிறைவடைந்துவிட்டதால் பதிவு ரத்து செய்யப்படுகிறது என்று சென்ற மாதம் கடிதம் வந்தது. 2025 ஆகஸ்டில் நான் கட்டிய ஆண்டுக் கட்டணத்தை மறுப்பின்றி வாங்கிக்கொண்டவர்கள் இவர்களேதான். நேரில் போய்க் கேட்டால், "இந்த வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? வேண்டுமானால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். என் நெறியாளரும் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். புதிதாகப் பதிவு செய்தால் நீங்கள் புதிய மாணவி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் உங்களுக்குப் பொருந்தும். அதன்படி பாடப்பணியையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ முடிந்த ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் முதல் படியில் போய் நிற்பீர்கள். பழைய பதிவு முடிந்துபோனதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்றும் பின்னால் வாதிடுவார்கள்.

வயதைப் பற்றிய பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மானியக் குழுவின் முந்தைய 2016 ஒழுங்குமுறைகளிலும் சரி, 2022 ஒழுங்குமுறைகளிலும் சரி, வயது உச்சவரம்பு கிடையாது. வயது வரம்பு இருப்பது இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு, பட்டத்துக்கு அல்ல. பட்டம் வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்கும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் எந்தச் சட்டத்திலும் தரப்படவில்லை. அந்தச் சொற்கள் எவ்வளவு சுட்டாலும் அவற்றை வழக்கின் மையமாக்காதீர்கள். வாயால் சொன்னதை மறுப்பது எளிது. தேதிகளை மறுக்க முடியாது.

உங்கள் பலம் முழுவதும் பதிவுத் தேதியில்தான் இருக்கிறது. 2009 ஜூலை 11 முதல் 2022 நவம்பரில் புதிய ஒழுங்குமுறைகள் அறிவிக்கப்படும் வரை பதிவு செய்தவர்களுக்கு, அவரவர் பதிவுக் காலத்தில் நடப்பில் இருந்த பழைய ஒழுங்குமுறைகளே பொருந்தும் என்று புதிய ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. ஆகவே உங்களுக்கு 2016 ஒழுங்குமுறைகள்தான். அதில் அதிகபட்சக் காலம் ஆறு ஆண்டுகள் என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் அந்த அதிகபட்சக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் தளர்வு அளிக்கலாம் என்று அதே இடத்தில் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது 2027 ஜூலை வரை வருகிறது. ரத்துக் கடிதத்தை எழுதியவர் ஆறு ஆண்டு என்ற வரியோடு நிறுத்திக்கொண்டார் போலும். (இதே கேள்வியை ஓர் ஆண் கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு தெம்பாக இருக்காது. அவருக்குக் கால நீட்டிப்பு என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளைப் பொறுத்தது.)

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தளர்வு "அளிக்கலாம்" என்றுதான் விதி சொல்கிறது. அளித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே இதை உரிமையாகக் கோருவதைவிட, இருக்கும் அதிகாரத்தை நியாயமாகப் பயன்படுத்தவில்லை என்று கேட்பதுதான் சரியான வழி. அப்படி ஓர் அதிகாரம் இருக்கும்போது அதைக் கருதிப் பார்க்காமலேயே, உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமலேயே ரத்து செய்வது இயற்கை நீதிக்கு மாறானது. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவையும் அது மீறுகிறது. கடிதத்துக்கு முன்னால் விளக்கம் கேட்டு ஏதாவது வந்திருந்ததா என்று உங்கள் மின்னஞ்சலையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். வந்து, நீங்கள் பதில் தராமல் விட்டிருந்தால் இந்த வாதம் பாதி பலமிழந்துவிடும்.

அடுத்து அந்த ரசீது. அதை எடுத்துப் பாருங்கள். எந்தக் கல்வியாண்டுக்கான கட்டணம் என்று போட்டிருக்கிறது? தலைப்பு ஆராய்ச்சிக் கட்டணமா, வெறும் நிலுவையா? 2025–26ஆம் ஆண்டுக்கான ஆராய்ச்சிக் கட்டணம் என்று இருந்தால், ஆறு ஆண்டு முடிந்த பிறகும் பதிவு உயிரோடு இருப்பதாகவே பல்கலைக்கழகம் நடந்துகொண்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். கட்டணம் வாங்கியதாலேயே காலம் தானாக நீண்டுவிடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் நீட்டிக்கும் அதிகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பணம் வேறு, அதிகாரம் இருக்கும் இடத்தில் வாங்கிய பணம் வேறு. கூடவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் குறிப்புகளையும் சேர்த்து வையுங்கள். 2025 ஜூலைக்குப் பிறகு அந்தக் குழு கூடி, "முன்னேற்றம் திருப்தி" என்று எழுதியிருந்தால் அது தங்கம். பிரதி தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் கோப்பு முழுவதையும், ரத்து முடிவெடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலுக்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டாம்.

இப்போதே பதிவாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். ரத்து ஆணையைத் திரும்பப் பெறவும், 2016 ஒழுங்குமுறைகளின்படி இரண்டு ஆண்டு தளர்வு வழங்கவும் கேளுங்கள். ஆய்வேட்டை எந்த மாதத்தில் சமர்ப்பிப்பீர்கள் என்பதையும் நெறியாளரின் கையொப்பத்தோடு குறிப்பிடுங்கள். குடும்பக் கஷ்டத்தை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். மருத்துவச் சான்றுகளை இணைத்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

அசையவில்லை என்றால் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்குப் போங்கள். மாணவர் குறைதீர்ப்புக்கான மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைகளின்படி அக்குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை கூறுவார்கள். பல்கலைக்கழக விவகாரத்தில் மாணவர் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சுர்ஜீத் கவுர் வழக்கில் சொல்லியிருக்கிறது, காலம்தான் வீணாகும்.

கடைசியாக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. முதலில் குறைதீர்க்கும் குழுவுக்குப் போயிருக்கலாமே என்று நீதிமன்றம் கேட்கக்கூடும். அதனால்தான் இந்த வரிசை. ஆனால் மேலும் பல மாதம் காத்திருந்து போனால் தாமதமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். பட்டம் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடாது. ரத்தை விலக்கி, கோரிக்கையைச் சட்டப்படி மறுபரிசீலனை செய் என்று உத்தரவிடக்கூடும். உங்களுக்கு அது போதும்.

நெறியாளர் விஷயம் சிறியது, ஆனால் அவசரமானது. ஓய்வுக்குப் பின் 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம் என்ற ஏற்பாடு 2022 ஒழுங்குமுறைகளில் உள்ளது. உங்கள் பதிவு அதற்கு முந்தையது. ஆகவே அவர் பணியில் இருக்கும்போதே, துறையில் உள்ள இன்னொரு பேராசிரியரை இணை நெறியாளராக நியமிக்கும்படி அவர் மூலமாகவே தனியாக ஒரு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.