அப்பச்சியிடம் சொல்லலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 74. நுரையீரல் புற்றுநோய் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இனி கீமோ பயன்படாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அவரிடம் ‘நெஞ்சில் சளி’ என்றே சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் “எனக்கு என்னதான்டா?” என்று கேட்கிறார். சொல்லவே கூடாது என்கிறார் ஆத்தா. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, வென்டிலேட்டர் வரை போய்ப் பார்ப்போம் என்கிறான். எவ்வளவு நாள் என்று எந்த டாக்டரும் வாய் திறக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தினமும் கேட்கிறவருக்குப் பாதி தெரிந்திருக்கும். கீமோ ஏறிய மனிதருக்குச் சளிக்கதை எத்தனை நாள் தாங்கும்? நீங்கள் சொல்வதற்கு முன்னால் அவரைப் பேசவிடுங்கள். “அப்பச்சி, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அப்புறம், “டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லவா?” என்று கேளுங்கள். “வேண்டாம், நீயே பாத்துக்க” என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. “சொல்லு” என்றால், கட்டி பரவியிருக்கிறது, கரைக்க மருந்து இல்லை, வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து உண்டு, இவ்வளவு போதும் முதல் நாளைக்கு. ஆத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

நாள் கணக்கை டாக்டர்கள் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் தப்பும்; அதுவும் பெரும்பாலும் கூடுதலாகச் சொல்லித் தப்பும். நீங்களே பார்க்கலாம். மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதக்கணக்கு, வாரத்துக்கு வாரம் தளர்ந்தால் வாரக்கணக்கு, நேற்றுக்கும் இன்றைக்குமே வித்தியாசம் தெரிந்தால் நாள் கணக்கு. துல்லியம் கிடையாது. தம்பி டிக்கெட் போட இது போதும்.

வென்டிலேட்டர் விஷயம். நிமோனியா மாதிரி, குணமாகக்கூடிய ஒன்று குணமாகும்வரை மூச்சைத் தாங்கிப்பிடிக்கத்தான் அந்த இயந்திரம். இங்கே குணமாக வேண்டியது புற்றுநோய், அது ஆகாது. குழாய் போட்டபின் அவரால் பேசவும் முடியாது.

இப்போது நான் கோபப்படும் இடத்துக்கு வருகிறேன். ராத்திரி மூச்சு வாங்கும், வீடு பதறும், யாரோ ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நம்பரைக் கொடுப்பார்கள். “எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி, பெட் ரெடி” என்று டிரைவர் சொன்னால் எச்சரிக்கையாகுங்கள். ஆள் கொண்டுவந்து விட்டால் கமிஷன் தரும் இடங்கள் இருக்கின்றன. சில நாள் கழித்து, காசு கரைந்தபின், “டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிப்போகிறோம்” என்று உங்களிடமே கையெழுத்து வாங்குவார்கள். “உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்” என்று திரும்பும் வாடகையையும் அதே வண்டி வாங்கும். புற்றைக் கரைக்கும் லேகியம் விற்கிறவர்களும் வாசலுக்கு வருவார்கள். முகப்பிலேயே அனுப்பிவிடுங்கள்.

இதற்குத் தடுப்பு, அவர் விருப்பத்தை இப்போதே எழுதி வைப்பது. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்த நடைமுறை 2023 ஜனவரியில் தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்று, தமக்காக முடிவெடுக்க அவர் நம்பும் ஒருவர் பெயர், இவை வேண்டும். பத்திரப் பதிவு தேவையில்லை. பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆளை நம்பாதீர்கள். அறிவு தெளிவாக இருக்கும்போதுதான் எழுத முடியும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் ஐசியூவில் போட்ட குழாயை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் கூடவேண்டும். தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் அப்படிக் குழு உண்டா என்று கேட்டால் விழிக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அதனால்தான் குழாயே போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வலிக்கு மார்ஃபின். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கியும் மருந்துக்கடையில் கேட்டால் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி நிவாரண சிகிச்சைக்கு யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள். உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸைக் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்தபின் அல்ல. கூடவே மலமிளக்கி. சரியான அளவில் கொடுத்தால் மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் எடுக்காது.

வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தாலும் ஒரு விஷயத்துக்கு ஓடத்தான் வேண்டும். முதுகெலும்புக்குப் பரவியிருப்பதால் சொல்கிறேன். முதுகுவலி திடீரென்று கூடினால், கால் மரத்தால், நடை தடுமாறினால், சிறுநீர் வராமல் நின்றால், காலை வரை காத்திருக்காதீர்கள். கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருளாக இருக்கலாம். உடனே ஸ்டீராய்டும், ஒரு நாளுக்குள் கதிர்வீச்சும் கிடைத்தால் கால் தப்பலாம். ஆயுள் கூடாது, ஆனால் கடைசிவரை அவராக நடந்து கழிப்பறை போகலாம். “எப்படியும் போகிற உடம்புதானே” என்று சொல்லி இதை விட்டுவிட்ட வீடுகளில் மாதக்கணக்கில் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 108க்குப் போன் போட்டு, முதுகெலும்பில் புற்று இருப்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

மாடியில் படுத்திருந்தால் கீழே வளவுக்குக் கொண்டுவாருங்கள். பின்கட்டுக் கழிப்பறை வரை நிலைப்படிகளைத் தாண்டிப் போக வைக்காமல் கமோடு நாற்காலி வாங்குங்கள். அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவர் இப்போதிருந்தே வந்து பார்க்கட்டும். மரணம் வீட்டில் நடந்தால் இறப்புக் காரணச் சான்றுக்கு அவர் வேண்டும், 21 நாளுக்குள் பதிவும் செய்யவேண்டும். தம்பியை அப்பச்சி உட்கார்ந்து பேசும் இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.