இணையப் பாடத்தை முடித்தும் ஒத்திகையில் தடுமாறுவது குறித்து

அவசரப் பிரிவில் உள்ள உங்கள் குழுவினர் உயிரிப் பயங்கரவாதம் (நோய்க்கிருமிகளையோ அவற்றின் நச்சையோ ஆயுதமாக்கித் தாக்குவது) பற்றிய இணையவழிப் பாடத்தை முடித்து, தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், இரண்டு மாதங்களுக்குப் பின் நடந்த ஒத்திகையில் பெரியம்மையைச் சின்னம்மை என்று எண்ணி நோயாளியைப் பொது வார்டுக்கு அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். குறை அவர்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; 1980-இல் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட நோயை அவர்கள் எங்கே நேரில் கண்டிருக்க முடியும்?

காணொளிகளைக் கூட்டுவதைவிட, வாரம் ஒரு நோயாளியின் விவரத்தை அனுப்பி, அடுத்து என்ன செய்வீர்கள், யாருக்குத் தெரிவிப்பீர்கள் என்று கேளுங்கள். கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுந்து, எல்லாம் ஒரே வளர்ச்சி நிலையில் இருந்தால் பெரியம்மையையும், மார்பிலும் முதுகிலும் மிகுந்து, வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் இருந்தால் சின்னம்மையையும் நினைக்க வேண்டும் என்பது, படங்களை அருகருகே வைத்துப் பலமுறை பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். காய்ச்சலின்றி, நினைவு தெளிவாக இருக்க, முகத்தில் தொடங்கிக் கீழிறங்கும் தசைச் செயலிழப்பைக் கண்டால், பாக்டீரியா நச்சு நரம்புகளை முடக்குவதால் வரும் பாட்டுலிசம் நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் 2001-இல் அஞ்சல் உறைகள் வழியே பரவிய ஆந்த்ராக்ஸ் என்ற பாக்டீரியா நோய் 22 பேரைத் தாக்கி 5 பேரைப் பலிகொண்டபோது, அதை முதலில் ஐயுற்று உரியவர்களுக்குத் தெரிவித்தவர் நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர்தான்.

பாதுகாப்பு உடையைக் கழற்றும் முறையை மட்டும் திரையோடு நிறுத்திவிடாதீர்கள். தொற்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அப்போதுதான் மிகுதி என்பதால், ஒருவர் அருகில் நின்று கவனிக்க, ஒவ்வொருவரும் அதைச் செய்து பழகியே ஆக வேண்டும்.