முதல் இரண்டு மாதம் தறிக்குழியில்

அன்புள்ள ஐயா,

மகள் கணினியில் சேலை டிசைன் போடுகிற வேலைக்குப் படிக்கலாமா என்று கேட்கச் சனிக்கிழமை நீங்களும் அவளும் என்னிடம் வந்திருந்தபோது நிலையூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இந்தத் தறி என்னோட போகட்டும்னு நெனச்சேன். இவ கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு அதுக்குள்ளயே வர்றேங்குறா. இதுல சோறு இருக்கா சார்?" என்றீர்கள். இரண்டு நாளாக அந்தக் கேள்வி மனதிலேயே நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சோறு இருக்கிறது ஐயா. ஆனால் அவளுக்குத் தறி தெரிந்திருக்க வேண்டும். கணினியில் அழகாக வரைகிறவர்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வரைந்தது நூலில் எப்படி விழும் என்று தெரிந்து வரைகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதைச் சொல்லித்தர உங்கள் வீட்டிலேயே ஒரு தறியும் நீங்களும் இருக்கிறீர்கள்.

அன்றைக்கு என் மேசையில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் லேப்டாப்பில் ஒரு வட்டப் புட்டாவை, அதாவது சேலையில் நெய்கிற உருவத்தை, காட்டினாள். குறுக்கே 180 கட்டம், நெடுக்கே 180 கட்டம். திரையில் காசு மாதிரி உருண்டையாக இருந்தது. நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நீண்டு போகும்மா" என்றீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை. அப்புறம் நான்தான் தாளில் போட்டுப் பார்த்தேன். உங்கள் தறியில் அங்குலத்துக்கு நெடுக்கே ஓடுகிற பாவு இழை 80, குறுக்கே போகிற ஊடை 60. அப்படியானால் குறுக்கே 180 இழை என்பது இரண்டே கால் அங்குலம், நெடுக்கே 180 ஊடை என்பது மூன்று அங்குலம். காசு முட்டையாகிவிட்டது. உருண்டையாகவே வர வேண்டுமென்றால் குறுக்கே 240, நெடுக்கே 180 போட வேண்டும். தறிக்கு மேலே இருந்து பாவு இழைகளைத் தூக்குகிற உங்களுடைய 240 கொக்கிப் பெட்டிக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் ஒரு இழைகூட அகலம் கிடைக்காது. ஊடைக்கு ஒன்றாக 180 அட்டையில் ஓட்டை அடித்துக் கோர்த்தாக வேண்டும். இதைப் பேசும்போது மகள் முகத்தைப் பார்த்தீர்களா? பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.

பாவு, ஊடை எண்ணிக்கையைக் கொடுத்தால் கட்டத்தின் நீள அகலத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் தறிக்குத் தறி அந்த எண் வேறு, அடிக்கிற கைக்குக் கை ஊடை கூடும், குறையும். அதைத் தெரிந்து கேட்க வேண்டியவள் அவள்தான். இன்னொன்றும் பார்த்தேன். அவள் வரைந்த மாங்காய்ப் புட்டாவில் ஊடை நூல் எங்கேயும் பிடிமானம் இல்லாமல் முப்பது இழைக்கு மேல் தாண்டிப் போகிறது. திரையில் அது வழவழவென்று அழகாகத் தெரியும். சேலையாகக் கட்டினால் முதல் நாளே வளையலிலும் மெட்டியிலும் மாட்டி நூல் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நடுநடுவே கட்டிப்போட வேண்டும் என்பதைத் தறியில் உட்கார்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிள்ளையின் கஷ்டத்தில். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவியை நானே ஒரு தனியார் ஃபேஷன் டிசைன் வகுப்புக்குப் போகச் சொன்னேன். கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார்கள். ஒரு வருடம் படித்தும் ஒரு நாள்கூட அங்கே தறியைக் காட்டவில்லை. முடித்துவிட்டு ஏழு வண்ணத்தில் ஒரு முந்தி டிசைனை நெசவாளர் ஒருவரிடம் கொண்டுபோனாள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை மாற்றி மாற்றி நெய்தால் ஒரு சேலைக்கு எத்தனை நாள், அதற்குக் கூலி யார் தருவார்கள் என்று அவர் கேட்டாராம். அவளிடம் பதில் இல்லை. அந்தப் படிப்பைச் சொல்லும் முன் அங்கே தறி இருக்கிறதா என்று நான் விசாரித்திருக்க வேண்டும். அதிலிருந்து முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

கம்ப்யூட்டருக்கும் நம் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டீர்கள். உங்கள் தலைக்கு மேல் தொங்குகிற அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஜக்கார்டு என்பவர் 1804-இல் பிரான்சில் கொண்டுவந்த இந்த அட்டை முறையைத்தான் பின்னால் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பு எந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். உங்கள் மகள் வெளியூர்த் தொழில் எதற்கும் போகவில்லை. இப்போது அட்டைக்குப் பதிலாகக் கணினிக் கோப்பை ஏற்றுகிற மின்னணு ஜக்கார்டும் கைத்தறியில் மாட்டுகிறார்கள். நாடா ஓட்டுவதும் பலகை அடிப்பதும் கையால்தான். டிசைன் மாற்றும்போது அட்டை அடிக்கிற நாட்கள் மிச்சமாகும். ஆனால் விலை அதிகம். அதற்காக இப்போது கடன் எதுவும் வாங்காதீர்கள்.

மென்பொருளுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் நெசவுக்கென்றே உருவாக்கிய டிஜிபுனாய் இலவசம். சின்ன உருவங்களுக்கான டாபி, பெரிய உருவங்களுக்கான ஜக்கார்டு இரண்டுக்கும் அதில் டிசைன் போடலாம். படம் வரைய இங்க்ஸ்கேப், கிம்ப் போதும். இவையும் இலவசம்தான்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் விருப்பம் சேலத்தில் இருக்கிற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். மூன்று வருட டிப்ளமோ. நூல், சாயம், நெசவு, டிசைன் எல்லாம் கையால் செய்து பழக வைக்கிறார்கள். நெசவாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டில் நான்கு வருட ஜவுளி டிசைன் பட்டப்படிப்பு இருக்கிறது. பேர் பெரியது, கட்டணமும் வருடத்துக்கு லட்சக்கணக்கில். பிளஸ் டூ படிக்கும்போதே நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இந்த ஆண்டுக்கு அது கடந்துவிட்டது, அடுத்த ஆண்டு வேண்டுமானால் எழுதட்டும். பொறியியல் கவுன்சிலிங்கில் ஜவுளித் தொழில்நுட்பம் எடுக்கலாமா என்றால், அது பெரும்பாலும் மில் பக்கம் போகிற படிப்பு. இவள் ஆசைக்குப் பொருந்தாது.

இது தவிர நெசவாளர் சேவை மையங்கள் இருக்கின்றன. 1956-இலிருந்து இயங்குகிறவை, நமக்குப் பக்கம் என்றால் சேலம், காஞ்சிபுரம். ஓவியர் ஆதிமூலம் அப்படிப்பட்ட மையத்தில்தான் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். ஓவியனும் நெசவாளியும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்த இடங்கள் அவை. ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவளுக்கு நான் பத்து முறை பேசுவதைவிட அது பிடிபடும்.

வேலை எங்கே என்றால், கூட்டுறவுச் சங்கங்கள், கோ-ஆப்டெக்ஸ், கரூரில் மேசைவிரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவர்கள், அப்புறம் சொந்தமாக டிசைன் போட்டுக் கொடுப்பது. முதல் இரண்டு வருடம் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகச் செய்தால் டிசைனுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேச வேண்டும். சேலை விற்ற பிறகு பார்க்கலாம் என்பவருக்கு வேலை செய்ய வேண்டாம். வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி புது டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. ஆனால் வெளியே காட்டிய பிறகு பதிவு கிடைக்காது. ஆசையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஒரு பயம் எனக்கும் இருக்கிறது. சுங்குடிக்கு என்ன ஆனது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய பிறகும், துணியை விரல் நகத்தால் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போடுகிற கைகள் குறைந்துபோய், அச்சடித்த புள்ளியே சுங்குடி என்ற பெயரில் கடைகளை நிரப்பியிருக்கிறது. கணினியில் போட்ட புட்டாவை நெய்யாமல் துணியில் பிரிண்ட் எடுத்து விற்பது இன்னும் சுலபம். அந்த வேலைக்கு உங்கள் மகளைக் கூப்பிடுவார்கள், பணமும் கொஞ்சம் கூடத் தருவார்கள். அப்போது எது நெய்தது, எது அச்சடித்தது என்று சொல்லி விற்கிற இடத்தில் மட்டும் அவள் வேலை செய்ய வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அதனால் இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். இரண்டு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் அவளைத் தறிக்குழியில் உட்காரவையுங்கள். அறுந்த பாவு இழையை அவளே முடியட்டும், திட்டாதீர்கள். சின்னதாக ஒரு புட்டாவை அவளே கட்டம் போட்டு, நீங்கள் அட்டை அடிக்கச் சொல்லித்தந்து, ஒரு முழம் அவளே நெய்யட்டும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் நல்ல பதில்தான், வேறு படிப்பைப் பார்ப்போம்.

அடுத்த முறை வரும்போது அந்த ஒரு முழத் துணியையும், உங்கள் நெசவாளர் அடையாள அட்டை நகலையும், சங்கப் பாஸ்புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். சேலத்துக்கான விண்ணப்பத்தையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் என் மேசையிலேயே நிரப்பிவிடலாம்.